ஆர்வம் இருந்தால் போதுமாம்

முதுகலைத் தமிழோ வரலாறோ முடித்த ஒரு பெண், "எனக்கு பி.எட். வேண்டாம் மேடம், கல்வெட்டு, சுவடி, மியூசியம், இந்தப் பக்கம் போகணும்" என்று சொன்னால் அவளுக்குக் கிடைக்கிற முதல் பதில், "ரொம்ப நல்லதும்மா." இரண்டாவது பதில், "ஆர்வம் இருந்தா போதும்." மூன்றாவதாக ஒரு பதில் இருக்கிறது. அது சம்பளம் எவ்வளவு என்பது. அதை யாரும் சொல்வதில்லை, அவளும் கேட்பதில்லை. கேட்டால் ஆர்வம் இல்லாதவள் ஆகிவிடுவாள்.

அந்த இரண்டாவது பதிலோடு சண்டை போடத்தான் இதை எழுதுகிறேன்.

ஆர்வம் போதாது. மகளிர் விடுதி வார்டன் ஆர்வத்தை வாடகையாக வாங்கிக்கொள்ள மாட்டார். தாம்பரத்திலிருந்து எழும்பூருக்கு மின்சார ரயிலில் ஆர்வத்தைக் காட்டிப் பயணம் செய்ய முடியாது. மாதவிடாய் நாப்கின் வாங்கக் காசு வேண்டும். இவை பெரிய கண்டுபிடிப்புகள் அல்ல என்று தெரியும். ஆனால் கலை, பண்பாடு, மரபு என்ற மூன்று சொற்கள் ஓர் அறைக்குள் நுழைந்தவுடன் அங்கிருக்கும் படித்த மனிதர்கள் எல்லோருக்கும் இவை மறந்துபோய்விடுகின்றன. மென்பொருள் நிறுவனத்தில் பயிற்சிக்குப் போகும் பிள்ளையிடம் "எவ்வளவு கொடுக்கிறான்?" என்று கேட்கும் அதே மாமா, ஓலைச்சுவடிக்குப் போகும் பெண்ணிடம் "எவ்வளவு பெரிய புண்ணியம்!" என்கிறார்.

என் துறையின் அறிவிப்புப் பலகைக்கு வரும் அழைப்புகளை எடுத்துப் பார்க்கிறேன். கிட்டத்தட்ட எல்லாமே ஒரே அச்சில் வார்த்தவை. மரபில் ஆர்வமுள்ள இளம் பெண்கள் தேவை. ஆறு மாதம். வாரம் ஐந்து நாள், சில சமயம் ஆறு. தமிழில் தேர்ச்சி, ஆங்கிலத்தில் எழுதும் திறன், கணினிப் பயிற்சி, முடிந்தால் ஒளிப்படம் எடுக்கத் தெரிந்திருத்தல், களப்பயணத்துக்குத் தயாராக இருத்தல், குழுவாக வேலை செய்யும் பண்பு. கடைசி வரியில் சான்றிதழ் வழங்கப்படும். இவ்வளவு திறமையும் உள்ள ஒருத்தியைத் தேடுகிறவர்களுக்கு அவள் மதியம் என்ன சாப்பிடுவாள் என்ற கேள்வி எழவில்லை.

ஆறு மாதம் சம்பளமில்லாமல் சென்னையில் இருக்க எந்தப் பெண்ணால் முடியும்? சென்னையில் வீடு இருக்கிற பெண்ணால் முடியும். அப்பாவின் சம்பளமோ ஓய்வூதியமோ அவளைத் தாங்கும். வீட்டில் ஆங்கிலம் புழங்கும். அத்தையோ பெரியப்பாவோ ஏதோ ஒரு சபாவின் குழுவில் இருப்பார்கள். அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபமில்லை, அவளும் வேலைதான் செய்கிறாள், அவளுக்கும் காசு தரவில்லை. ஆனால் முசிறிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரிப் படி ஏறி, வட்டெழுத்தை மூன்றே மாதத்தில் வாசிக்கக் கற்றுக்கொண்ட என் மாணவி அந்த வாசலில் நிற்கக்கூட முடியாது. அவள் ஊருக்குத் திரும்பிப் போய் ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்தாள். வட்டெழுத்து போயிற்று.

இதை வெறும் வேலைவாய்ப்புப் பிரச்சினையாகப் பார்ப்பவர்கள் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். காசில்லாமல் வேலை செய்யக்கூடியவர்கள் மட்டுமே நுழைய முடிகிற துறையில், எது மரபு, எது குப்பை என்று முடிவு செய்வதும் அவர்களே. எந்த வீட்டுப் பெட்டியில் இருக்கும் கடிதம் ஆவணம், எந்த வீட்டுச் சுவரில் தொங்கும் படம் கலை, எந்தக் கிழவி பாடும் ஒப்பாரி பதிவு செய்யத் தக்கது என்று தீர்மானிக்கும் இடத்தில் ஒரு தலித் பெண்ணோ, மீனவர் வீட்டுப் பெண்ணோ, நெசவாளர் மகளோ உட்காரவில்லை என்றால், அந்தக் காப்பகத்தின் அலமாரிகள் எப்படி நிரம்பும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இந்த 'ஆர்வம்' என்ற சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது பெண்களுக்கென்று தனியாகத் தைத்த சட்டை.

கலையைப் பிழைப்பாகக் கொண்டிருந்த பெண்கள் தமிழகத்தில் நூற்றாண்டுக்கணக்கில் இருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் அவர்களைச் சுற்றி நடந்த சண்டை நமக்குத் தெரியும். முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் போராடினார். மூவலூர் இராமாமிர்தம் அந்த வாழ்க்கைக்குள் தள்ளப்பட்டு வெளியே வந்து, 1936இல் 'தாசிகள் மோசவலை' என்று ஒரு நாவலே எழுதினார். 1947இல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டுவதைத் தடை செய்யும் சட்டம் வந்தது. அந்த முறையின் கொடுமையில் எனக்குச் சந்தேகமில்லை. இராமாமிர்தத்தின் கோபம் என் கோபமும்தான். நான் பேசுவது அதன் பக்கத்திலேயே நடந்த இன்னொன்றைப் பற்றி. அதே ஆண்டுகளில் சதிர் பரதநாட்டியம் ஆகிறது, மேடைக்குப் புதிய வீடுகளிலிருந்து பெண்கள் வருகிறார்கள். பழைய பெண்ணிலிருந்து புதிய பெண்ணைப் பிரித்துக்காட்ட ஓர் அடையாளம் தேவைப்பட்டது. அந்த அடையாளங்களில் ஒன்று காசு. ஆடிச் சம்பாதித்தால் அவள் வேறு மாதிரி. சம்பாதிக்காமல் ஆடினால் குடும்பப் பெண், கலைச்சேவை. அரங்கேற்றத்துக்கு அப்பா லட்சக்கணக்கில் செலவழிக்கலாம், அது கௌரவம். மகள் ஆயிரக்கணக்கில் சம்பளம் கேட்டால் அது கேவலம்.

அந்தப் பிரிவினை நாட்டியத்தோடு நிற்கவில்லை. இசை, கைவினை, அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம் என்று பெண்கள் கால்வைத்த பண்பாட்டு வேலை அனைத்துக்கும் பரவியது. 'காசுக்காக இல்லை' என்பது நம் துறையில் ஒரு பெண்ணுக்குக் கொடுக்கப்படும் மிகப் பெரிய பாராட்டு. ஆண்களுக்கு அப்படி யாரும் சொல்லி நான் கேட்டது குறைவு. வீட்டில் சமையல் எப்படி அன்பாக மாறியதோ அப்படியே வெளியே சுவடி துடைப்பது ஆர்வமாக மாறியது. இரண்டுக்கும் கூலி கிடையாது.

இனி ஒரு கல்வெட்டைப் பார்க்கலாம். பண்பாட்டு வேலைக்குக் கூலி கேட்பது மேற்கத்திய மனோபாவம் என்று ஒரு கருத்தரங்கத் தேநீர் இடைவேளையில் எனக்கு ஒருவர் விளக்கியிருக்கிறார், ஆகவே நம் ஊர்ச் சான்றே இருக்கட்டும். தஞ்சைப் பெரிய கோயிலின் வெளிச்சுவரில், 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராஜராஜன் வெட்டுவித்த நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பல ஊர்க் கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவந்து குடியேற்றப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல் அது. எந்தத் தளிச்சேரி, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், அவள் பெயர் என்ன என்று ஒவ்வொருத்தியாக எழுதப்பட்டிருக்கிறது. பெயருக்கு முன்னால் எல்லோருக்கும் 'நக்கன்' என்ற அடை. ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். அதை எந்த மரக்காலால் அளக்க வேண்டும் என்பதுகூட இருக்கிறது, ஆடவல்லான் என்னும் மரக்கால். அவள் இறந்தாலோ விட்டுப் போனாலோ அந்தப் பங்கு யாருக்குப் போகும் என்பதும் இருக்கிறது.

இதைச் சொல்லிச் சோழர் காலம் பெண்களின் பொற்காலம் என்று கொடி பிடிக்க நான் வரவில்லை. அந்தப் பெண்களைக் கேட்டு யாரும் ஊர் மாற்றவில்லை. அரசன் ஆணையிட்டான், அவர்கள் வந்தார்கள். அதே பட்டியலில் நட்டுவம் செய்யும் ஆணுக்குப் பங்கு இரண்டு, ஆடுகிற பெண்ணுக்கு ஒன்று. ஆயிரம் ஆண்டாக மாறாத கணக்கு இதுதான் போலிருக்கிறது. ஆனால் அந்தச் சுவரில் வேலை இருக்கிறது, வேலைக்கு நேராகப் பெயர் இருக்கிறது, பெயருக்கு நேராகக் கூலி இருக்கிறது. அதே கல்வெட்டை இன்று தட்டச்சு செய்து, கணினியில் ஏற்றி, பெயர்ப்பட்டியல் தயாரிக்கும் முதுகலைப் பட்டதாரிப் பெண்ணுக்கு அந்த மூன்றில் முதலாவது மட்டும்தான் கிடைக்கிறது.

உள்ளே நுழைந்துவிட்டவள் என்ன வேலை செய்கிறாள் என்பதும் கவனிக்க வேண்டியது.

அகழாய்வு என்றால் செய்தித்தாளில் வரும் படம் உங்களுக்குத் தெரியும். சதுரமாக வெட்டிய குழி, அளவுகோல், வெயில் தொப்பி போட்ட அதிகாரி. படத்தில் குனிந்திருக்கும் பெண்களைப் பாருங்கள். அந்த ஊர்ப் பெண்கள் அவர்கள், தினக்கூலிக்கு மண் அள்ளிச் சலிப்பவர்கள். ஒரு மண்ணடுக்கு முடிந்து இன்னொன்று தொடங்குவதைக் கை பழகிப்போன அந்த அம்மாக்கள் பட்டதாரிகளுக்கு முன்பே கண்டுபிடித்துவிடுவதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அறிக்கையில் அவர்கள் 'பணியாளர்கள்' என்ற ஒரு சொல்லுக்குள் போய்விடுவார்கள். பயிற்சிக்குப் போன நம் மாணவி இன்னொரு பக்கம் உட்கார்ந்திருப்பாள். பானை ஓட்டைத் தண்ணீரில் நனைத்துப் பிரஷ் போட்டுக் கழுவி, நிழலில் காயவைத்து, ஒவ்வொன்றின் மேலும் பொடி எழுத்தில் எண் எழுதிக்கொண்டு. அது முக்கியமான வேலை, எண் தவறினால் அந்த ஓடு எந்தக் குழி, எந்த ஆழம் என்பது தொலைந்துவிடும். ஆனால் கூடப் போன பையன் முதல் வாரத்திலேயே குழிக்குள் இறங்கிவிடுகிறான். "பொம்பளைப் பிள்ளைங்க பொறுமையா செய்வாங்க" என்பது அதற்குக் காரணம். பொறுமை நம் உடம்பிலேயே சுரப்பதாக ஆண்கள் நம்புகிறார்கள்.

கோயில் ஆய்வு என்றால் இன்னும் ஒரு தடை. கல்லைக் கழுவி, ஈரத் தாளை ஒட்டி, பிரஷ்ஷால் அடித்துப் பதிய வைத்து, மேலே மை ஒற்றிப் படியெடுக்கும் வேலைக்கு உடம்பில் வலு வேண்டும், விடியற்காலையில் போக வேண்டும். அதைச் செய்யத் தயாராக வந்த பெண்ணிடம் கேட்கப்படுவது, "நாள் கணக்கெல்லாம் சரியா இருக்காம்மா?" கருவறைப் பக்கச் சுவர் என்றால் கேள்வி இன்னும் வெளிப்படையாகவே வரும். குழுவில் எப்போதும் ஓர் ஆண் இருப்பது 'வசதி' என்று தீர்மானிக்கப்படும். ஒரு பருவம் கழிந்ததும் அந்த ஆண் மட்டும் போதும் என்று ஆகிவிடும். 2021இல் தமிழக அரசு ஒரு பெண்ணைச் சென்னைக்கு அருகில் ஒரு கோயிலில் ஓதுவாராக நியமித்தது. 2023இல் மூன்று பெண்கள் அர்ச்சகர் பயிற்சி முடித்தார்கள். கோயிலுக்குள் தேவாரம் பாட ஒரு பெண்ணை அரசே அமர்த்திவிட்ட பிறகும், வெளிச்சுவரில் இருக்கும் எழுத்தை வாசிக்கப் போகிறவளிடம் நாள் கணக்குக் கேட்கிறார்கள்.

திட்டப்பணியில் இல்லாத, ஆனால் எல்லாப் பெண்களும் செய்யும் இன்னொரு வேலை உண்டு. திறப்பு விழா. "நாளைக்கு எல்லாரும் பட்டுப்புடவை கட்டிட்டு வந்துடுங்க." வாசலில் சந்தனம், குங்குமம், கற்கண்டுத் தட்டோடு நிற்க வேண்டும். மூன்று மாதம் விளக்கக் குறிப்புகள் எழுதியவள் தட்டு ஏந்தி நிற்பாள், விருந்தினருக்குக் காட்சிக்கூடத்தைச் சுற்றிக் காட்டுவது அந்தக் குறிப்புகளைப் படிக்கவே படிக்காத ஒரு சார். மரபைக் காப்பாற்ற வந்தவளை மரபின் ஒரு பொருளாக மாற்றி வாசலில் நிறுத்திவிடுகிறார்கள். நானும் என் இருபத்தைந்தாவது வயதில் ஒரு சுவடித் திட்டத்தில் அப்படி நிறுத்தப்பட்டிருக்கிறேன். எலுமிச்சைப்புல் எண்ணெய் நாற்றம் விரலிலிருந்து போகவில்லை, அதே விரலால் அமைச்சருக்குச் சந்தனம் நீட்டினேன். அந்தத் திட்டத்தின் அட்டவணை நூலாக வந்தபோது பதிப்பாசிரியர் பெயர் இருந்தது, அவருக்கு உதவிய அவர் மாணவர் பெயர் இருந்தது. ஏடு பிரித்து, எண்ணி, சிதிலம் குறித்து, முதல் பாட்டையும் கடைசிப் பாட்டையும் எழுதிக் கொடுத்த நான்கு பெண்களின் பெயர் இல்லை. கேட்டேன். "முன்னுரையில் 'மற்றும் பலர்' என்று போட்டிருக்கிறேனே" என்றார்.

பெயரைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை நம் வகுப்பறைகளில் யாரும் கற்பிப்பதில்லை. தொல்காப்பியம் கற்பிக்கும்போது அரைமணி நேரம் இதற்கும் ஒதுக்கலாம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளம் வாங்கும் ஊழியர் வேலையின் பகுதியாக எழுதுவது, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், நிறுவனத்துக்குச் சேரும். சம்பளமும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை என்றால் எழுதியவளே முதல் உரிமையாளர். உரிமையை எழுத்து மூலமாகத்தான் கைமாற்ற முடியும். அப்படிக் கைமாற்றிய பிறகும், இது என் ஆக்கம் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 57ஆம் பிரிவின்படி அவளிடமே இருக்கும். நீங்கள் காசில்லாமல் மொழிபெயர்த்துக் கொடுத்த காட்சிக்கூடக் குறிப்புகள் பெரும்பாலும் இன்னும் உங்களுடையவை. இதைச் சொன்னால் சில இயக்குநர்களின் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும்.

பாதுகாப்பு பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை, பேசாமலும் இருக்க முடியாது. குரு, ஆசான், ஐயா என்று கால் தொட்டு வணங்கும் துறை இது. 2018இல் இசையுலகில் பெண்கள் பேசத் தொடங்கியபோது மியூசிக் அகாடமி அந்த டிசம்பர் விழாவிலிருந்து ஏழு கலைஞர்களை நீக்கியது. 2023 மார்ச் இறுதியில் கலாக்ஷேத்ராவில் மாணவிகள் பாலியல் துன்புறுத்தல் புகார்களோடு வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். ஊதியமில்லாப் பயிற்சிக்குப் போகும் பெண்கள் பலரும், தாங்கள் ஊழியர் இல்லை என்பதால் புகார் சொல்ல முடியாது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், ஊதியம் உண்டோ இல்லையோ, தன்னார்வமாக வேலை செய்பவரையும் பயிற்சியாளரையும் 'ஊழியர்' என்ற சொல்லுக்குள்ளேயே வைக்கிறது. பத்துப் பேருக்குக் குறைவான இடமென்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். புகாருக்கு மூன்று மாதம் கெடு, காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். சின்ன அறக்கட்டளைகளில் அப்படி ஒரு குழு இருப்பதே பலருக்குத் தெரியாது. "இங்க அதெல்லாம் எதுக்கு, நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்பார்கள். குடும்பம் என்ற சொல்லை அலுவலகத்தில் கேட்டால் நம் காது கூர்மையாக வேண்டும்.

அடுத்தது திட்டம் என்ற சொல். துறையில் நிரந்தர வேலை சொற்பம், மற்றதெல்லாம் திட்டம். பதினொரு மாத ஒப்பந்தம், ஒரு மாத இடைவெளி, மறுபடி பதினொரு மாதம். முப்பது வயதில் திருமணம், முப்பத்திரண்டில் குழந்தை என்றால் அந்த இடைவெளிக்குள் ஒருத்தி காணாமல் போய்விடுகிறாள். நேர்முகத்தில் "கல்யாணம் எப்போ?" என்று கேட்கும் துணிச்சல் இன்னும் இருக்கிறது. மகப்பேறு நலன் தினக்கூலிப் பெண்களுக்கும் உண்டு என்று தில்லி மாநகராட்சி வழக்கில் 2000இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் அந்த நலனை மறுக்க முடியாது என்று 2023இல் இன்னொரு வழக்கில் சொன்னது. திட்ட அலுவலகங்களுக்கு அந்தத் தீர்ப்புகள் இன்னும் போய்ச் சேரவில்லை, அவையும் தபாலில்தான் வருகின்றன போலும். இந்தியத் தொல்லியல் துறை தொடங்கியது 1861இல். அதன் முதல் பெண் தலைமை இயக்குநராகத் தேபலா மித்ரா வந்தது 1981இல். 120 ஆண்டு. பெண்களுக்குத் திறமை வர அவ்வளவு காலம் ஆனது என்று யாரும் நம்பமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் போகாதே என்கிறீர்களா மேடம் என்று கேட்பவளுக்கு: போ. போகும்போது கண்ணைத் திறந்துகொண்டு போ.

வழிகள் இருக்கின்றன. தமிழ்நாடு தொல்லியல் துறையின் கீழ் சென்னையில் இயங்கும் நிறுவனத்தில் இரண்டாண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பு இருக்கிறது, முதுகலைத் தமிழ் படித்தவர்களும் சேரலாம். மத்தியத் தொல்லியல் துறை கிரேட்டர் நொய்டாவில் நடத்தும் பட்டயப் படிப்புக்கும் தமிழ் முதுகலை இப்போது தகுதி. அந்தத் தகுதி தானாக வரவில்லை. 2020 அக்டோபரில் வந்த அறிவிப்பில் சமஸ்கிருதம், பாலி, பிராகிருதம், அரபு, பாரசீகம் என்று போட்டுவிட்டுத் தமிழை விட்டிருந்தார்கள். இங்கிருந்து எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாட்களில் திருத்தினார்கள். கேட்டால் மாறும் என்பதற்கு இது பக்கத்திலேயே இருக்கும் சான்று. தமிழுக்காகக் கேட்கத் தெரிந்த நமக்குத் தமிழ் படித்த பெண்ணுக்காகக் கேட்கத் தெரியவில்லையா என்பது என் மனக்குறை.

கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்ததிலிருந்து மாணவிகளிடம் ஒரு புது வெளிச்சம் தெரிகிறது. பேருந்தில் கூட்டிப்போனால் திரும்பிவரும்போது நாலு பேராவது இந்தத் துறைக்கு வருகிறேன் என்கிறார்கள். தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்தில் அவர்களை நிறுத்தி, கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்த நோட்டீசும் நாடகப் புத்தகமும் அவர் 1992இல் இறந்த பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் பணத்தால் இங்கேயே தங்கின என்று சொன்னால் கண் விரிகிறது. பணம் இருந்ததால்தான் தங்கின, வெறும் ஆர்வத்தால் அல்ல என்பதையும் சேர்த்தே நான் சொல்வேன்.

அம்பையை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் அவரைக் கதாசிரியராக வாசிக்கிறோம். ஆய்வாளர் சி.எஸ். லட்சுமியாக அவர் 1988இல் நீரா தேசாய், மைத்ரேயி கிருஷ்ணராஜ் இருவரோடும் சேர்ந்து மும்பையில் 'ஸ்பாரோ' என்ற பெண்கள் ஆவணக் காப்பகத்தைத் தொடங்கினார். பெண்களின் குரல், படம், கடிதம், சுவரொட்டி எல்லாவற்றையும் சேர்க்கும் இடம். பாடகிகளையும் நடனக் கலைஞர்களையும் உட்காரவைத்துப் பேச வைத்து நூல்களாக்கினார். இருந்த காப்பகங்களில் பெண்களுக்கு இடமில்லை என்பதால் ஒரு காப்பகத்தையே கட்ட வேண்டியிருந்தது. இது பெரிய காரியம், சந்தேகமில்லை. ஆனால் இதை மேடையில் மாணவிகளுக்கு முன்மாதிரியாகச் சொல்லி, "நீங்களும் இப்படி ஏதாவது செய்யுங்கள்" என்று முடிக்கும் பேச்சாளர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. இருபத்து மூன்று வயதுப் பெண்ணுக்குக் காப்பகம் கட்டும் கடமை கிடையாது. இருக்கிற காப்பகத்தில் ஒரு நாற்காலி, ஒரு சம்பளச் சீட்டு, பூட்டுப் போட்ட ஒரு கழிப்பறை, இவை போதும் அவளுக்கு.

எங்களால் கொடுக்க முடியாது, நாங்களே நன்கொடையில் ஓடுகிறோம் என்று சின்ன அமைப்புகள் சொல்வதை நான் பொய் என்று சொல்லவில்லை. பல இடங்களில் அது உண்மை. ஆனால் நன்கொடை கேட்கும் விண்ணப்பத்தில் ஒளிப்படக் கருவிக்கு ஒரு வரி இருக்கிறது, அட்டைப்பெட்டிக்கு ஒரு வரி, விழா மேடைக்கு ஒரு வரி, இயக்குநரின் விமானப் பயணத்துக்கு ஒரு வரி. பயிற்சிப் பெண்ணுக்கு மட்டும் வரி இல்லை, ஏனென்றால் அவள் ஆர்வத்தில் வருகிறாள். பயிலுநர் சட்டத்தின் விதிகளை 2019இல் திருத்தியபோது பட்டதாரிப் பயிலுநருக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் என்று வைத்தார்கள். அந்தச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது என்று ஓர் அறக்கட்டளை வாதிடலாம். பொருந்தட்டும், பொருந்தாமல் போகட்டும், ஒரு பட்டதாரியின் மாதத்துக்கு நாட்டில் ஓர் அடிமட்ட விலை சொல்லப்பட்டிருக்கிறது. விண்ணப்பத்தில் அந்தத் தொகையை ஒரு வரியாகச் சேர்த்துக் கேளுங்கள். நன்கொடையாளர் மறுத்தால் அதை வெளியே சொல்லுங்கள், நாங்களும் சேர்ந்து சத்தம் போடுகிறோம்.

கல்லூரியில் இருக்கும் எங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. அமைப்புகள் மாணவிகளை நேரடியாகப் பிடிப்பதில்லை, துறைத் தலைவருக்குத்தான் கடிதம் வருகிறது. நாம்தான் நல்ல பெண்களாகப் பார்த்து அனுப்பி வைக்கிறோம். அப்படி வரும் ஒவ்வொரு கடிதத்துக்கும் இப்போது நான் ஒரே பதில்தான் அனுப்புகிறேன். மாத உதவித்தொகை எவ்வளவு, எந்தத் தேதியில். வெளியூர்க் களப்பணிக்குப் பயணச் செலவும் தங்குமிடமும் யார் பொறுப்பு, தங்குமிடத்தில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை உண்டா. புகார்க் குழு இருக்கிறதா, அதன் தலைவர் பெயர் என்ன. வெளியீட்டில் மாணவியின் பெயர் எந்தப் பக்கத்தில் வரும். இவற்றுக்கு எழுத்தில் பதில் வந்தால் மறுவாரமே இரண்டு பேரை அனுப்புகிறேன், இல்லையென்றால் கடிதம் பலகைக்குப் போகாது.

போன கல்வியாண்டில் ஆறு பேருக்கு இப்படி எழுதினேன். மூன்று பேரிடமிருந்து பதிலே இல்லை. ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, "உங்க பிள்ளைங்களுக்கு ஆர்வம் இல்லைன்னு நினைக்கிறேன் மேடம்" என்றார். ஒருவர் பயணச் செலவு மட்டும் தர ஒப்புக்கொண்டார், அதோடு பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. ஆறாவது அமைப்பு ஒரு சின்ன நூலகம். நான்கு கேள்விக்கும் ஒரு பக்கத்தில் பதில் எழுதி, உதவித்தொகை 9,000 என்று குறிப்பிட்டு, கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் சரியில்லை, அதைப் பத்து நாளில் சரி செய்துவிடுகிறோம் என்றும் எழுதியிருந்தார்கள். இரண்டு பெண்களை அனுப்பினேன். ஒருத்தி திண்டிவனத்துக்காரி, பழைய மாத இதழ்களுக்குப் பொருளடைவு தயாரிக்கிறாள். போன வாரம் முதல் தொகுதியின் அச்சுப்படியை அனுப்பியிருந்தாள். தலைப்புப் பக்கத்திலேயே அவள் பெயர் இருக்கிறது, முதலெழுத்துதான் தப்பு. திருத்தச் சொல்லி எழுதியிருக்கிறாளாம்.